அறியாமல் இருப்பது அமைதியா?

வலி என்பது உடல் அனுப்பும் தூதுவன். பல் வலித்தால் மனிதன் அன்றே மருத்துவரைத் தேடுகிறான். கண்ணில் தூசி விழுந்தால் கை தானாகவே எழுகிறது. இவற்றில் அறம் சார்ந்த கேள்வி எதுவும் இல்லை; வலியே அவனை இழுத்துச் சென்றுவிடுகிறது. ஆனால் தூது அனுப்பாத உறுப்புகளும் உடலில் உண்டு. அவை நலிந்துகொண்டே இருக்கும். உடையவனோ உண்பான், உழைப்பான், உறங்குவான். சிறுநீரகம் அவ்வாறான உறுப்பு. வலி அழைக்காத இடத்தில், ஒரு சந்தேகம் மட்டுமே மனத்தில் நிழலாடும்போது, மனிதன் தானே சென்று உண்மையைக் கேட்கக் கடமைப்பட்டவனா? கேட்காமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டா? மருத்துவம் விடை சொல்ல முடியாத கேள்வி இது. எப்படிக் கண்டறிவது என்று மருத்துவம் சொல்லும். ஏன் அறிய வேண்டும் என்பதை மனிதன்தான் தனக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதை வடிவில், மூடிய கையளவே உள்ள இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள். நெஃப்ரான் என்பது அவற்றின் பெயர். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவ்விரு உறுப்புகளுக்கே செல்கிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற, மீதி முழுவதும் மீண்டும் இரத்தத்துக்கே திரும்புகிறது. வடிகட்டிகளில் சில பழுதுபட்டால் எஞ்சியவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் ஓசையின்றி அந்தப் பாரத்தைச் சுமப்பதைப் போன்றது இது. ஒரு சிறுநீரகத்தைத் தானமாகத் தந்தவர் மற்றொன்றைக் கொண்டு நலமாக வாழ முடிவதும் இதனால்தான்.

இந்தப் பெருந்தன்மையே ஆபத்தாகவும் முடிகிறது. சிறுநீரகத்தின் திறனில் ஏறத்தாழப் பாதி குறையும் வரை, இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவு பெரும்பாலும் இயல்பாகவே காட்டும். பசியின்மை, குமட்டல், அரிப்பு, மூச்சுத் திணறல் என்று உடல் வாய் திறந்து பேசும் நாளில் வடிகட்டிகளில் மிகப் பெரும்பகுதி போயிருக்கும். போனவை திரும்ப முளைப்பதில்லை. ஆகவே சிறுநீரகத்தைப் பொறுத்தவரை “வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்பது முடிவைத் தள்ளிவைப்பதுபோலத் தோன்றினாலும், அதுவே ஒரு முடிவுதான்.

கடல் நடுவே ஒரு கணக்கு

இக்கேள்வி எல்லா ஊருக்கும் பொது என்றாலும் சில ஊர்களில் அதன் கூர்மை மிகுதி. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை இந்நகரின் பெயர் போர்ட் பிளேர்) உள்ள பத்துபஸ்தி அத்தகைய ஓர் இடம். நாற்பத்தைந்து வயதுள்ள தமிழ்க் குடும்பத் தலைவர் ஒருவரை அங்கே எண்ணிப் பார்க்கலாம். அவர் கற்பனை மனிதர்தான். ஆயினும் அவரைப் போன்ற ஒருவர் இல்லாத தெரு அரிது. தந்தைக்கு நீரிழிவு இருந்தது. ஏதோ ஒரு முகாமில் இரத்த அழுத்தம் பார்த்தபோது “கொஞ்சம் கூடுதல்” என்றார்கள். சில மாதங்களாகச் சிறுநீரில் நுரை, நீர் ஊற்றினாலும் எளிதில் கலையாத நுரை. மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

“ஏங்க, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்களேன்” என்கிறார் மனைவி.

“ஒண்ணுமில்ல, நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கேன்ல” என்பது அவர் விடை.

அவர் மூடர் அல்லர். அவர் மனத்தில் தெளிவான கணக்கு ஒன்று ஓடுகிறது. பார்த்தால் ஏதாவது சொல்வார்கள். சொன்னால் சென்னைக்குப் போகச் சொல்வார்கள். தீவு மக்கள் ‘மெயின்லேண்டு’ என்றே வழங்கும் பெருநிலத்துக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். விமானம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆனால் கட்டணம் கையைக் கடிக்கும். அங்கே தங்க இடம், துணைக்கு ஒருவர், விடுப்பு, மகளின் படிப்பு. தெரியாமல் இருக்கும் வரை இவற்றில் எதற்கும் செலவில்லை. இன்று நன்றாகத்தானே இருக்கிறது?

தீவில் வாழாதவர் இக்கணக்கை எளிதாக இகழ்ந்துவிடலாம். தூரம் என்பது உண்மையான துன்பம். பணம் என்பது உண்மையான தடை. இருந்தும் இந்தக் கணக்கில் அடிப்படையான ஒரு பிழை இருக்கிறது. கடலைக் கடக்கச் செய்வது பெரும்பாலும் முற்றிய நோயே. தொடக்க நிலையில் வேண்டுபவை மிகச் சில: கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் இரத்த அழுத்தம், ஒரு சிறு புட்டியில் சிறுநீர், ஒரு குழாய் இரத்தம். இவற்றை முதலில் பார்ப்பதற்குத் தீவை விட்டு நகர வேண்டியதில்லை. நகரிலேயே கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை இருக்கிறது. சிறுநீரக மாற்று அறுவை என்ற நிலை வரும்போதுதான் பெருநிலத்தைத் தேடிப் போக நேர்கிறது. கப்பலுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்ப்பவர், அந்தக் கப்பலில் தமக்கான இடத்தைத் தாமே பதிவு செய்துகொண்டிருக்கிறார்.

ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியும்

இலண்டன் நகரின் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட் என்ற மருத்துவர் இருந்தார். உடல் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் சூடாக்குவது அக்காலத்தில் கையாளப்பட்ட முறை. சிலரின் சிறுநீர் முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பதைப் போல வெண்மையாகத் திரண்டது. இரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் வடிகட்டியின் ஓட்டை வழியே கசிந்துவிட்டதன் அடையாளம் அது. அத்தகையோர் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்த பிரைட், அவர்களின் சிறுநீரகங்கள் சிதைந்திருந்ததைக் கண்டார். வீக்கம், சிறுநீரில் புரதம், சிறுநீரகச் சிதைவு ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்து 1827-இல் நூலாக வெளியிட்டார். நெடுங்காலம் இந்நோய் அவர் பெயராலேயே வழங்கியது.

இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. கரண்டியின் இடத்தில் வேதிப்பொருள் தடவிய ஒரு தாள் பட்டை வந்திருக்கிறது; அதைவிட நுட்பமாக, சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று கணக்கிடும் சோதனையும் உண்டு. 30-க்குக் குறைவென்றால் இயல்பு. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் என்றால் கசிவு மிகுதி. கேட்கப்படும் கேள்வி மட்டும் மாறவில்லை: உள்ளே தங்க வேண்டியது வெளியே கசிகிறதா?

பிரைட் காலத்தில் கண்டறிந்தும் பயன் சிறிதே. நோயின் பெயரைச் சொல்ல முடிந்தது, தடுக்க முடியவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சுவாமி விவேகானந்தருக்கு நீரிழிவு இருந்தது. 1901-இல் கிழக்கு வங்காளத்துக்கும் அஸ்ஸாமுக்கும் சென்றபோது, ஷில்லாங்கில் ஆஸ்துமாவுடன் அல்புமின் கசிவும் மிகுந்து உடல் வீங்கிப்போனதைத் தம் கடிதத்தில் அவர் ஒளிக்காமல் எழுதினார். அவ்வாண்டே பேலூரில் ஆயுர்வேத வைத்தியர் ஒருவரின் சிகிச்சைக்கு உட்பட்டு, நீரையும் உப்பையும் பல நாட்கள் விலக்கியிருந்தார். 1902 ஜூலை 4 அன்று மறைந்தபோது அவருக்கு வயது 39. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

ஆன்மாவே மெய் என்று உலகெங்கும் முழங்கிய ஒருவர், தம் சிறுநீரில் புரதம் கசிவதை ஒரு செய்தியாக எழுதியதும், வைத்தியரின் கடுமையான பத்தியத்துக்கு உட்பட்டதும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. உடலைப் பற்றிய உண்மையை அறிவது அவருடைய வேதாந்தத்துக்கு இழுக்காகப்படவில்லை.

பற்றின்மை என்ற போர்வை

ஆனால் ஆன்மிக நாட்டமுள்ள பலரிடம் இதற்கு நேர்மாறான ஒரு பேச்சைக் கேட்க முடிகிறது. “இந்த உடல் என்றைக்கானாலும் விழப்போவதுதானே? இதைப் போய்ச் சோதித்துக்கொண்டிருப்பதா?” “எல்லாம் அவன் செயல்.” சொற்கள் உயர்ந்தவை. யார் சொல்கிறார், எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். இதே மனிதர் பல் வலித்தபோது அவன் செயல் என்று இருந்துவிட்டாரா? சம்பளம் குறைத்துப் போடப்பட்டபோது உடல் அநித்தியம் என்று சொன்னாரா? சோதனைச் சாலைக்குப் போக வேண்டிய நாளில் மட்டும் வேதாந்தம் நாவில் வருமானால், அதை அச்சம் என்று அழைப்பதே நேர்மை.

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் துறவை மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறது. செய்ய வேண்டிய கடமையை மயக்கத்தால் விடுவது தாமசம். உடலுக்குத் துன்பம் வருமே என்று அஞ்சி விடுவது ராஜசம். கடமையைச் செய்துகொண்டே அதன் பலனில் உள்ள பற்றை விடுவது சாத்வீகம். பரிசோதனையைத் தவிர்ப்பவர் தம்மை மூன்றாம் வகையில் வைத்துக்கொள்கிறார். இருப்பதோ முதல் இரண்டில் ஒன்றில். சோதனைக்குச் சென்று, முடிவு எதுவாயினும் ஏற்கிறேன் என்று அமர்ந்திருப்பவரிடமே பற்றின்மைக்கு ஏதேனும் வேலை இருக்கிறது. முடிவே தெரியாதவர் எதை ஏற்கிறார், எதைத் துறக்கிறார்?

கடோபநிடதத்தின் நசிகேதன் இங்கே நினைவுக்கு வருகிறான். மரணத்தின் வாசலுக்கே சென்ற சிறுவன் அவன். வீட்டில் யமன் இல்லை. மூன்று இரவுகள் காத்திருக்கிறான். வந்த யமன் செல்வத்தையும் நீண்ட ஆயுளையும் இன்பங்களையும் தருகிறேன், இந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடு என்கிறான். சிறுவன் விடவில்லை. அவன் கேட்டது ஆன்மாவைப் பற்றிய கேள்வி; கிரியேட்டினின் அளவோடு அதை ஒப்பிடுவது மிகை என்று தோன்றலாம். ஒரு வகையில் மிகைதான். ஆனால் தன்னைப் பற்றிய சின்னஞ்சிறு உண்மை ஒன்றைக் கேட்கவும் நடுங்குபவனுக்குப் பெரிய உண்மையைக் கேட்கும் துணிவு எங்கிருந்து வரும்?

யாருடைய உடல்?

“என் உடல், என் விருப்பம். தெரிந்துகொள்ளாமல் இருப்பது என் உரிமை.” இவ்வாதம் அச்சத்தைவிட வலிமையானது, எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருவரை வலிந்து சோதிக்க எவருக்கும் உரிமையில்லை என்பது உண்மை. தனித்து வாழும் ஒருவர், அறிந்து, எண்ணி, விட்டுவிட முடிவு செய்தால், அதை மதிக்கவே வேண்டும்.

ஆனால் இல்லறத்தில் இருப்பவரின் சிறுநீரகம் அவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. முற்றிய நிலையில் என்ன நடக்கிறது என்பதைக் காண்போம். டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசமாக இதைத் தரும் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்ட பிறகு சுமை ஓரளவு குறைந்தது. ஆயினும் உடன் சென்று, காத்திருந்து, அழைத்து வரும் ஒருவரின் வாரமும் அதில் கரைகிறது. டயாலிசிஸ் வசதி இல்லாத சிறு தீவில் வாழ்பவரானால் வீட்டையே மாற்ற நேரலாம். ஊரை விட்டுப் பெருநிலத்தில் வாடகை வீடு பார்க்கும் குடும்பங்களும் உண்டு.

மாற்றுச் சிறுநீரகம் என்றால் அது எவரிடமிருந்தாவது வர வேண்டும். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், உயிருடன் இருப்போர் தானம் செய்வதைப் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் என்ற வட்டத்துக்குள் வைத்திருக்கிறது: பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன், மனைவி, பின்னர் தாத்தா பாட்டியரும் பேரப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். இந்நாட்டில் இவ்வாறு உயிருடன் உறுப்பு தருவோரில் பெரும்பான்மையினர் பெண்கள். பெறுவோரில் பெரும்பான்மையினர் ஆண்கள். தாயும் மனைவியுமே முதலில் முன்வருகிறார்கள். இதைத் தியாகம் என்று போற்றுவது வழக்கம். போற்றலாம். ஆனால் அந்தத் தியாகம் தவிர்த்திருக்கக் கூடியதா என்று கேட்காமல் போற்றுவது, பெண்ணின் நல்ல மனத்தைக் கொண்டு ஆணின் சோம்பலை மறைப்பதாகும்.

“ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்களேன்” என்று கேட்ட மனைவியின் குரலை இந்த ஒளியில் மீண்டும் கேட்க வேண்டும். அவர் கேட்டது ஒரு காலை நேரத்தையும் சிறு தொகையையும். அதை மறுப்பவர், பத்து ஆண்டுகள் கழித்து அவரிடமே ஒரு சிறுநீரகத்தைக் கேட்கும் நிலைக்கு ஆளாகலாம். அப்போதும் அந்த மனைவி மறுக்கமாட்டார். இக்கேள்வியை அறக்கேள்வி ஆக்குவது இதுவே.

மறுபுறத்து மயக்கம்

இத்தனையும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தில் உள்ள பிழையையும் பார்க்காமல் விட முடியாது. அஞ்சி ஒளிபவர் ஒருவர். அஞ்சி ஓடுபவர் இன்னொருவர். நுரை கண்ட அன்றே நான்கு சோதனைச் சாலைகளில் ஏறி இறங்குபவர், ஒரு தாளில் ஓர் எண் சற்று உயர்ந்திருப்பதைக் கண்டு உறக்கம் இழப்பவர், இரவெல்லாம் கைப்பேசியில் நோயின் கடைசி நிலையைப் படித்துத் தம்மை அதில் பொருத்திக்கொள்பவர். இவருக்கும் உண்மை வேண்டியதில்லை. உறுதி வேண்டும், அதுவும் இன்றே வேண்டும்.

மருத்துவம் இவ்விடத்தில் காட்டும் நிதானம் வியப்புக்குரியது. நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் சூட்ட ஒரு சோதனை போதாது. சிறுநீரில் அல்புமின் கசிவோ, வடிகட்டும் திறனின் குறைவோ மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வரையறை. காரணம் எளியது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு ஆகியவை சோதனையில் புரதத்தைக் காட்டிவிடலாம். உடலில் நீர் வற்றியிருந்தாலோ, முதல் நாள் புலால் மிகுதியாக உண்டிருந்தாலோ கிரியேட்டினின் உயரலாம். நுரை கூட நோயின் அத்தாட்சி ஆகிவிடாது. வேகத்தாலும் அடர்த்தியாலும் நலமானவருக்கும் நுரை வரும்.

இதற்குத் தமிழகத்திலேயே தெளிவான சான்று கிடைத்திருக்கிறது. வெயிலில் உழைக்கும் விவசாயத் தொழிலாளர்களின் சிறுநீரக நலத்தை அறிய 2023-இல் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். முதல் சோதனையில் சுமார் 17 விழுக்காட்டினரிடம் குறைபாடு தெரிந்தது. மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோது நோய் உறுதியானது சுமார் 5 விழுக்காட்டினருக்கே. அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற அறியப்பட்ட காரணம் எதுவும் இல்லை. வெப்பத்தில் நீர் வற்றி உழைப்பதே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது.

முதல் தாளைக் கண்டு கலங்கியவர்களில் பெரும்பகுதியினர் வீணாகக் கலங்கினர் என்பது இவ்வெண்களின் ஒரு பக்கம். முதல் சோதனைக்கே வராமல் இருந்திருந்தால் அந்த ஐந்து விழுக்காட்டினர் தம் நிலையை அறிந்திருக்கமாட்டார்கள் என்பது மறுபக்கம். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆக, சந்தேகத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே மூன்று மாதங்கள் கிடக்கின்றன. நோயாளி என்றும் சொல்ல முடியாது, நலமானவர் என்றும் சொல்ல முடியாது. மனித மனம் மிகவும் வெறுக்கும் நிலை இது. கெட்ட செய்தியைக் கூடத் தாங்கிவிடுவார்கள். தெரியாத செய்தியைத் தாங்கமாட்டார்கள். ஆன்மிகப் பயிற்சி என்று பேசப்படுவதெல்லாம் இந்த மூன்று மாதங்களில் உரைத்துப் பார்க்கப்படும். காலையில் எழுந்து வேலைக்குச் செல்வது, பிள்ளைகளோடு உண்பது, வழக்கமான வழிபாட்டைச் செய்வது, குறித்த தேதியில் மீண்டும் புட்டியைக் கொண்டுபோவது. இதற்குள் மறதியும் இல்லை, பதற்றமும் இல்லை.

இக்காலத்தில் செய்யாமல் இருப்பதே பெரிய சிகிச்சை. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் மருந்துக் கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியவை. சிறுநீரகத்தைச் ‘சுத்தம் செய்யும்’ என்று விற்கப்படும், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத பொடிகளும் பஸ்பங்களும் அவ்வாறே. தென்னிந்திய மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மிகுதியாகப் புரதம் கசிந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் பலர் நாட்டு மருந்துகளை உட்கொண்டிருந்ததையும், அவர்கள் உட்கொண்ட சில மருந்துகளில் பாதரசம் இருந்ததையும் காட்டியது. மருந்தை நிறுத்திய பின் பலருக்குக் கசிவு தணிந்தது. மரபு மருத்துவத்தை இகழ்வதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பொட்டலம் எந்த மரபிலும் மருத்துவம் ஆகாது, அவ்வளவே.

அறிந்து என்ன பயன்?

விவேகானந்தர் காலத்தில் இக்கேள்விக்கு விடை இல்லை. இன்று இருக்கிறது. நீரிழிவால் சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு கேப்டோப்ரில் என்ற மாத்திரை அந்நலிவின் வேகத்தைக் குறைக்கிறது என்று 1993-இல் நிறுவப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கான அவ்வகை மருந்துகள் இன்று மலிவானவை. 2019-க்குப் பின் வந்த ஆய்வுகள், முதலில் நீரிழிவுக்கென வந்த வேறொரு வகை மருந்துகளும் சிறுநீரகத்தைக் காப்பதைக் காட்டின. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் அவை உதவின. இவை இழந்ததை மீட்பதில்லை, எஞ்சியதைக் காக்கின்றன. ஆகவே எவ்வளவு எஞ்சியிருக்கும்போது அறிகிறோம் என்பதே எல்லாம். தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை செல்வதே இல்லை. ‘சிறுநீரக நோய்’ என்ற சொல்லைக் கேட்டதும் கண்முன் வரும் இயந்திரம் அவர்கள் வாழ்வில் வருவதில்லை.

ஏழைகளுக்கு இதெல்லாம் எட்டுமா என்ற ஐயத்துக்குச் சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி செயலால் விடை சொன்னார். முற்றிய நோயாளிகளில் மிகச் சிலருக்கே டயாலிசிஸோ மாற்று அறுவையோ கட்டுப்படியாகும் நாட்டில், நோயை வருமுன் தடுப்பதே வழி என்று அவர் வாதிட்டார். 1990-களின் பிற்பகுதியில் ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளையின் மூலம் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே பணி தொடங்கியது. அதே ஊர்களின் இளம் பெண்கள் சிலருக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் ஒரு துளி அமிலம் விட்டுப் புரதத்தையும், பெனடிக்ட் கரைசலைக் கொண்டு சர்க்கரையையும் சோதித்தனர். குறை தெரிந்தவர்களை மருத்துவர் பார்த்தார். விலையுயர்ந்த மருந்து எதுவும் இல்லை. பழைய, மலிவான மாத்திரைகளே. அவற்றைக் கொண்டே பலரின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன. தலைக்கு ஆண்டொன்றுக்குச் சில ரூபாய்களே செலவானதை அவர் மருத்துவ இதழ்களில் பதிவு செய்தார். 2023-இல் தமிழக அரசும் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் சிறுநீர்ச் சோதனையால் இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது.

அந்தக் கிராமங்களில் மக்கள் மருத்துவத்தைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கவில்லை. அதுவே வாசலுக்கு வந்தது. கடல் இல்லை, கப்பல் இல்லை, கட்டணம் இல்லை. வந்தவளும் அயலூர்ப் பெண் அல்லள். அதே தெருவில் வளர்ந்தவள். அவள் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கலாம், எண்ணைக் குறித்துக்கொள்ளலாம், நாளை மீண்டும் வருகிறேன் என்று சொல்லலாம். கையில் கொடுத்துவிட்டுப் போன அந்தச் சிறு புட்டியை நிரப்பி வைப்பதா, மறந்துவிட்டேன் என்று சொல்வதா என்பது மட்டும் வீட்டுக்காரரிடமே இருந்தது.